பாதிக் கடலும் முழுக் கட்டணமும்

வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 2025 ஜூலை முதல் வாரத்தில் டொரான்டோவிலிருந்து டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, பத்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என நான்கு பேர். விமானம், அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் அடங்கிய ஏழு இரவுத் தொகுப்பு. ஐந்து நட்சத்திரக் கடற்கரை ரிசார்ட் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். போய் இறங்கினால் கடல் பழுப்பு, கரையெங்கும் அழுகிய முட்டை நாற்றம். கடல் தெரியும் அறைக்கென்று கூடுதலாகக் கட்டியும், பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்தால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு கீற்று நீலம். பஃபேயைத் தவிர மற்ற உணவகங்களில் மேசை கிடைக்கவில்லை. நான்காம் நாள் மகனுக்கு வயிற்றுப்போக்கு. சைவமான அம்மா ஏழு நாளும் வெள்ளைச் சோறும் தயிரும் அன்னாசியுமாக ஓட்டியிருக்கிறார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், வரமாட்டேன் என்ற அம்மாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதில் எவ்வளவு என் தவறு, எவ்வளவு அவர்கள் தவறு என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தரமணியில் ஓட்டல் நிர்வாகம் படித்தவன். கரீபியனில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன்; அதில் ஆறு புன்டா கானா பக்கம், மூன்று ஜமைக்காவில். உணவு, பானச் செலவைக் கணக்குப் பார்க்கும் பிரிவு. எவ்வளவு கோழி உள்ளே வந்தது, எவ்வளவு தட்டுக்குப் போனது, எவ்வளவு குப்பைக்குப் போனது என்று எண்ணுகிற வேலை. சமையல்காரர்களுக்கு எங்களைப் பிடிக்கவே பிடிக்காது. நான் வழக்கறிஞனும் இல்லை, மருத்துவனும் இல்லை. அந்த இரண்டு துறைகளின் பக்கம் போகும்போது என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரிசார்ட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான்.

கடலிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் எனக்குச் சந்தேகம் குறைவு. நீங்கள் பார்த்தது சாக்கடையும் இல்லை, ரிசார்ட்டின் கழிவும் இல்லை. அது சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி. தரையில் பற்றிக்கொள்ளாமல், உடம்பில் உள்ள சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களால் மிதந்தபடியே பிறந்து வளர்கிற பாசி. 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தபோதே இதன் நடுவே போயிருக்கிறார். ஆனால் அது வடக்கே, சர்காசோ கடலில். கரீபியன் கரைகளில் இது மலைமலையாக வந்து குவிய ஆரம்பித்தது 2011இல்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் கடலில் ஒரு பட்டையாகவே இது நீண்டு கிடப்பதைத் தென் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2019இல் விளக்கினார்கள். 2018 ஜூனில் அந்தப் பட்டையின் நீளம் 8,850 கிலோமீட்டர், எடை 2 கோடி டன்னுக்கு மேல். அதே குழுவின் கணக்குப்படி 2025 மே மாதத்தில் அது 3.75 கோடி டன். அதுவரை கண்டிராத அளவு. நீங்கள் போய் இறங்கியது அந்த உச்சம் அடங்குவதற்குள்.

ஏன் இப்படிப் பெருகியது என்பதில்தான் இன்னும் வழக்குத் தீரவில்லை. அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் உரச்சத்து, ஆப்பிரிக்கக் கரையோரம் ஆழத்திலிருந்து மேலேறும் சத்து நிறைந்த நீர், காற்றின் போக்கில் ஏற்பட்ட மாற்றம், கடல் சூடேறுவது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரே காரணம்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆனால் காலமும் திசையும் தெளிவு. பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை வரத்து அதிகம். அங்கே காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் கிழக்கைப் பார்த்த கரைகள் மாட்டிக்கொள்கின்றன. புன்டா கானாவும் அதை ஒட்டிய பாவரோவும் கிழக்கைப் பார்த்தவை. மெக்சிகோவின் கான்கூன், துலும் கரைகளும் அப்படித்தான். அதே டொமினிக்கன் குடியரசில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் பயாஹிபே. ஒதுங்கிய கரை, பாசி குறைவு. ஜமைக்காவின் மேற்கு முனையில் உள்ள நெக்ரில், அரூபாவின் மேற்குக் கரை ஆகியவையும் இப்படித் தப்பிக்கும் இடங்கள். குறைவு என்றுதான் சொல்கிறேன், வரவே வராது என்று சொல்லவில்லை.

கரையில் ஒதுங்கி இரண்டு நாள் ஆனதும் பாசி அழுகத் தொடங்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. முட்டை நாற்றம் அதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தொல்லை தரும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூக்குக்கு மட்டும் தண்டனை. ரிசார்ட் எதுவும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; அதே பத்தியில், தினமும் விடியற்காலை டிராக்டர் சத்தத்தில் தூக்கம் கெட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த டிராக்டர் பாசியைத்தான் வாரிக்கொண்டிருந்தது. வரத்து மிகுந்த வாரங்களில், ஆறு மணிக்கு வாரிய கரை பதினொரு மணிக்குப் பழையபடி கிடப்பதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கடலில் மிதவைத் தடுப்புப் போடுகிறார்கள், ஆட்களை வைத்துக் கவைக்கோலால் அள்ளுகிறார்கள். இயந்திரத்தால் அள்ளினால் மணலும் சேர்ந்து போய்க் கரை குறுகுகிறது. இந்தக் கணக்கில் நான் ரிசார்ட்டை விட்டுவிடுவேன். உங்களுக்கு விற்றவரை விடமாட்டேன். ஜூலையில் கிழக்குக் கரைக்கு டிக்கெட் போடும் ஒரு முகவருக்குச் சர்காசம் தெரியாது என்றால் அவர் வேறு தொழில் பார்க்கலாம். தெரிந்தும் பிப்ரவரியில் எடுத்த நீலக்கடல் படத்தைக் காட்டினார் என்றால், எங்கள் தொழிலில் அதைச் சாமர்த்தியம் என்பார்கள். சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

இனி எல்லாம் அடங்கிய தொகுப்பு என்பதன் கணக்கு. இது தெரியாமல் உணவகத்தில் மேசை கிடைக்காத கதை புரியாது. 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்துத் தொடங்கிய கிளப் மெட் என்னும் விடுமுறை முகாம் இந்த முறைக்கு முன்னோடி. அங்கேகூடப் பானத்துக்குத் தனியாக, காசு கொடுத்து வாங்கிய பாசிமணியைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எண்பதுகளில் ஜமைக்காவின் மான்டிகோ பேயிலிருந்து கிளம்பிய சாண்டல்ஸ் போன்ற ரிசார்ட் நிறுவனங்கள், பர்ஸையே எடுக்க வேண்டாம் என்கிற அளவுக்கு அதை விரித்தன. பர்ஸை எடுக்காத விருந்தினருக்கு ஒவ்வொன்றும் இலவசமாகத் தெரிகிறது. கணக்குப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொன்றும் செலவாகத் தெரிகிறது. இந்த இரண்டு கண்களுக்கும் நடுவில்தான் உங்கள் விடுமுறை நடந்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விகிதம் நான் கண்டது. ஒரு தலைக்கு 2,000 கனடிய டாலர் கட்டினீர்கள் என்று வையுங்கள். விமானம், விமான நிலைய வரி, முகவரின் கழிவு, தொகுப்பு நிறுவனத்தின் பங்கு, பஸ் கூலி எல்லாம் போக ரிசார்ட்டின் கைக்கு 1,000 வருகிறது என்று வைத்தால், ஓர் இரவுக்கு 140 டாலர் சொச்சம். அதற்குள் அறை, குளிரூட்டி ஓடும் மின்சாரம், துணி வெளுப்பு, தோட்டக்காரன், இரவு ஆட்டக்காரர்கள், மூன்று வேளைச் சாப்பாடு, காலை பத்து மணி முதல் நள்ளிரவு வரை ஓடும் பார் எல்லாம் அடங்க வேண்டும். அடங்குகிறது. எப்படி என்றால், வாங்கியதை எல்லோரும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. குடிக்காத உங்கள் அம்மா, நீச்சல் குளத்தில் ஏழாவது கிளாஸ் ரம் கேட்கிறவருக்குப் படி அளக்கிறார். இதில் மோசடி கிடையாது. சீட்டுக் கம்பெனி மாதிரி, எல்லோரும் ஒரே நாளில் கேட்காத வரைக்கும் ஓடுகிற ஏற்பாடு.

பட்டியலைப் பார்த்துக் கேட்டு வாங்கும் அ லா கார்ட் உணவகங்களில் எல்லோரும் ஒரே நாளில் கேட்கிறார்கள். 600 அறை உள்ள ரிசார்ட்டில் நிறைந்த வாரத்தில் 1,200 பேர் இருப்பார்கள் என்று வையுங்கள். ஜப்பான், இத்தாலி, மெக்சிகோ, இறைச்சிச் சுடுகூடம் என்று நான்கு உணவகங்கள், ஒவ்வொன்றிலும் 70 இருக்கை, ஒரு மாலைக்கு இரண்டு பந்தி. ஆக 560 பேருக்கு இடம். மிச்சம் 640 பேர் எங்கே போவார்கள்? பஃபேக்குத்தான். ஒரு வாரத்துக்கு ஒரு தலைக்கு மூன்று இரவுச் சாப்பாடு கிடைத்தால் கணக்கு நேராகிறது. பல ரிசார்ட்டுகளின் சிற்றெழுத்தில் வாரத்துக்கு மூன்று என்று போட்டிருப்பது இதனால்தான். உங்கள் ரசீதில் அப்படி ஓர் எண் இருந்து, அது கிடைக்கவில்லை என்றால் அது வாக்குத் தவறியது, குறித்துக்கொள்ளுங்கள். எண் எதுவும் இல்லாமல், 'முன்பதிவு கிடைப்பதைப் பொறுத்து' என்று மட்டும் இருந்தால் உங்கள் பிடி தளர்வு. முதல் நாள் மதியமே வரிசையில் நின்றவர்கள் வாரத்தையே வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் மூன்றாம் நாள் கேட்டிருக்கிறீர்கள். முன்னரே தெரியாதே என்கிறீர்கள். உண்மைதான், வரவேற்பு மேசையில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மறுநாள் 'வரவேற்புக் காலை உணவு' என்று கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, முன்பணம் கட்டி ஆண்டுதோறும் வந்து தங்கும் விடுமுறைக் கழகத்தில் சேரச் சொல்லி விற்றிருப்பார்கள். அதில் சேர்ந்தவர்களுக்குக் கையில் வேறு நிறப் பட்டை, அந்தப் பட்டைக்கு மேசை உடனே கிடைக்கும். எனக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு என்றால் அந்தப் பட்டைதான். ஒரே விலைக்கு எல்லோருக்கும் எல்லாம் என்று விற்றுவிட்டு, உள்ளே போனதும் சாதி பிரிப்பது.

நட்சத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. உலகம் முழுவதற்கும் பொதுவாக நட்சத்திரம் வழங்கும் அமைப்பு கிடையாது. விற்கிற நிறுவனமே தன் பட்டியலில் தானே போட்டுக்கொள்ளும். ஒரே ரிசார்ட்டுக்கு ஒருவர் நான்கரை போடுவார், இன்னொருவர் ஐந்து போடுவார். அதை வைத்து யாரிடமும் சண்டை போட முடியாது.

அறை விஷயம் அப்படியில்லை. உங்கள் வழக்கில் பலமான இடம் அதுதான். எங்கள் தொழிலில் அறைக்கு வைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை உண்டு. கடலை நேராகப் பார்த்த அறை ஒன்று, கடல் தெரியும் அறை ஒன்று, கடல் ஓரளவு தெரியும் அறை ஒன்று, தோட்டம் பார்த்தது ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, எந்த அறை காலியோ அதைத் தருவோம் என்கிற வகை. அது மலிவு, கேள்வி கேட்க முடியாது. உங்கள் ரசீதில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த படமோ முகவர் வாயால் சொன்னதோ கணக்கில் பின்னால்தான் வரும். ரசீதில் உள்ள சொல்தான் முன்னால் வரும். 'ஓரளவு' என்ற சொல் இருந்தால் அந்த நீலக் கீற்று போதும் என்று அவர்கள் சொல்வார்கள், பெரும்பாலும் ஜெயிப்பார்கள். அந்தச் சொல் இல்லாமல் கடல் தெரியும் அறை என்று மட்டும் இருந்து, அதற்கென்று தனித் தொகை வாங்கியிருந்தால், அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. பால்கனியில் நேராக நின்று எடுத்த படம் இருக்கிறது என்கிறீர்கள். மிக நல்லது. அன்றே வரவேற்பு மேசையில் முறையிட்டு, அதை எழுத்தில் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. நான் பார்த்தவரை, ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து வரும் புகாரை யாரும் அக்கறையாகப் படிப்பதில்லை. அன்றைக்கே, இரவுப் பொறுப்பாளர் கையெழுத்தோடு இருக்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயப்படுவார்கள்.

மகனின் வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். பஃபேதான் காரணம் என்று நீங்கள் உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்தது 4, 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். வெயிலில் திறந்த மேசையில் மயோனைஸ் கலந்த சாலட் இரண்டு மணி நேரம் கிடந்தால் அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் நீச்சல் குளத்துத் தண்ணீரை விழுங்கியிருக்கலாம். குழாய்த் தண்ணீரில் பல் துலக்கியிருக்கலாம். லிப்ட் பொத்தானை அழுத்திய கையால் சாப்பிட்டிருக்கலாம். நோரோ வைரஸ் என்றால் தொற்றிய அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் காட்டிவிடும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் தங்கும் இடங்கள் அதற்குச் சொர்க்கம். கைக்குத் தடவும் சாராய ஜெல் அதற்குச் சரிவரக் கேட்காது, சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். மலப் பரிசோதனை செய்யாமல், குணமாகிப் பல நாள் ஆன பிறகு, எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நான் எப்படிச் சொல்வேன்? அந்த வாரம் வேறு குடும்பங்களுக்கும் வந்ததா, ரிசார்ட் மருத்துவரிடம் காட்டிய சீட்டு இருக்கிறதா என்பவை முக்கியம். இரண்டும் இல்லை என்றால் இதைப் புகாரில் ஒரு வரியாக மட்டும் எழுதுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனிலிருந்து ஸ்பெயின் போனவர்கள் இதே வயிற்றுப்போக்கைச் சொல்லிப் பொய்க் கோரிக்கைகளைக் குவித்தார்கள். 2017இல் ஒரு தம்பதி சிறைக்கே போனார்கள். அதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டாலே நிறுவனங்கள் முறைக்கின்றன. பொய்யில்லாத உங்கள் மற்றப் புகார்களும் இதோடு சேர்ந்து நனைந்துவிடக் கூடாது.

பணம். இங்கே நான் கரையில் நின்று பேசுகிறேன், ஆழத்துக்கு வழக்கறிஞர் வேண்டும். விடுமுறை பாழானதற்கு, அதாவது மனம் நொந்ததற்கு, நீதிமன்றம் காசு தருமா என்ற கேள்விக்கு ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைச் சொல்வார்கள். ஜார்விஸ் என்ற வழக்கறிஞர் 63 பவுண்டு சொச்சம் கட்டி, கிறிஸ்துமஸ் சமயம் சுவிட்சர்லாந்துக்குப் பதினைந்து நாள் போனார். கலகலப்பான விருந்துக் கூட்டம் இருக்கும் என்று விளம்பரம். முதல் வாரம் பதின்மூன்று பேர். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே. விடுதிக்காரருக்கு ஆங்கிலம் வராது. மலைப்பாட்டு மாலை என்றதற்கு, உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிங் பிரபு 125 பவுண்டு, அதாவது கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கொடுக்கச் சொன்னார். கனடிய உச்ச நீதிமன்றமும் 2006இல் வேறொரு வழக்கில், மன நிம்மதியே வாங்கிய பொருளாக இருந்தால் அது கிடைக்காததற்கு ஈடு கேட்கலாம் என்ற போக்கில், இந்த வழக்கையும் எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். ஜார்விஸ் ஜெயித்தது விளம்பரத்தில் அச்சடித்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியதால். பாசி இருக்காது என்று உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இயற்கை செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் நிச்சயம் ஒரு வரி இருக்கும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ரிசார்ட்டுக்கு எழுதமாட்டேன், உங்களிடம் பணம் வாங்கியது அவர்கள் இல்லை. விற்ற முகவருக்கும் தொகுப்பு நிறுவனத்துக்கும் ஒரே கடிதம், ஒரு பக்கத்துக்கு மிகாமல். அறை ரசீது வரி, பால்கனிப் படம், கூடுதலாகக் கட்டிய தொகை. அதற்குக் கீழே அ லா கார்ட் வாக்குறுதி வரி. அதற்குக் கீழே பாசி பற்றி முன்னரே சொல்லாதது. கடைசியில் இவ்வளவு டாலர் கேட்கிறேன் என்று ஓர் எண். முழுப் பணத்தையும் கேட்டால் வேடிக்கை என்று ஒதுக்குவார்கள். அறை வித்தியாசத்தையும் அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையையும் கேட்டால் பேச்சுக்கு வருவார்கள். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிச் சீட்டுத் தருகிறோம் என்பார்கள். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, ஆனால் முதல் சொல்லிலேயே தலையாட்ட வேண்டாம். முகவர் உங்கள் மாநிலமான ஒன்டாரியோவில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பயணத் தொழிலைக் கண்காணிக்கும் டிகோ என்னும் அமைப்பு புகாரை வாங்கி இரு தரப்பையும் பேசவைக்கும். ஈடு கொடு என்று கட்டளையிடாது. அவர்களிடம் உள்ள இழப்பீட்டு நிதி, பதிவு பெற்ற பயண நிறுவனமோ, பயணத்துக்குரிய விமான, கப்பல் நிறுவனமோ மூழ்கிப்போனால் மட்டுமே உதவும், நாற்றமடித்த கடற்கரைக்கு உதவாது. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

கடைசியாக அம்மா. உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது அவர் தட்டுதான். 'மாமிசம் இல்லாமல் கொடுங்கள்' என்று ஸ்பானிஷில் எழுதிக் காட்டினோம், ஆனாலும் கோழி போட்ட சோறு வந்தது, கேலி செய்கிறார்கள் என்று நினைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேலி இல்லை. 'சின் கார்னே' என்று எழுதியிருப்பீர்கள். அந்த ஊரில் பலர் காதுக்குக் 'கார்னே' என்றால் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி. கோழியும், ஹாம் என்னும் பதனிட்ட பன்றித் தொடையும் அந்தச் சொல்லுக்குள் வராமலே போகும். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காடோ' என்று, இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அப்போதும் ஒரு கண்ணி உண்டு. அவரைக் குழம்பிலும் பருப்புக் கலந்த 'மோரோ' சோற்றிலும் 'சோப்பீட்டா' என்று அவர்கள் சொல்லும் கோழிச்சாறுக் கட்டியை நுணுக்கிப் போடுவார்கள். அது சமையல்காரர்களுக்கு உப்பு மாதிரி, அசைவம் என்றே தோன்றாது. அம்மா வெள்ளைச் சோற்றோடு நின்றுகொண்டது அவருடைய நல்ல உள்ளுணர்வு.

இதில் உங்கள் தவறு என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமானால், பஃபே வரிசையில் தட்டோடு நிற்கும்போது கேட்டதைச் சொல்வேன். கரண்டி பிடித்து நிற்கும் பையனுக்கு எதையும் மாற்ற அதிகாரமில்லை. மதியப் பந்தி முடிந்து, இரவு வேலை தொடங்குவதற்கு முன், மூன்று மணியிலிருந்து நாலு மணிக்குள் தலைமைச் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் வருவார். அங்கே இந்தியக் கல்யாணங்கள் நிறைய நடப்பதால் சரக்கறையில் பருப்பும் சீரகமும் கிடப்பது ஒன்றும் அதிசயமில்லை. நான் இருந்த இடத்தில் கடுகுகூட இருந்தது. பிராம்ப்டனிலிருந்து வந்த ஒரு குஜராத்திப் பாட்டிக்கு எங்கள் சமையல்காரர் ஆறு நாளும் தனியாகக் காய் வதக்கிக் கொடுத்தார். அந்த வாரம் காய்ச் செலவு ஏறியிருக்கிறதே என்று அவரிடம் கணக்குக் கேட்டவன் நான்தான்.

அம்மா திரும்ப வருவாரா என்பது எனக்குத் தெரியாது. வந்தால், ஜனவரி அல்லது பிப்ரவரி, பயாஹிபே பக்கம் பாருங்கள். விலை ஏறும், கடல் நீலமாக இருக்க வாய்ப்பும் ஏறும். காலையில் பஃபேயில் 'மாங்கு' என்று ஒரு மசியல் வைத்திருப்பார்கள். வேகவைத்த வாழைக்காயை வெண்ணெயோ எண்ணெயோ விட்டு மசித்து, வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தை மேலே போட்டது. பக்கத்தில் சலாமி என்னும் பதனிட்ட இறைச்சித் துண்டுகளும் பொரித்த பாலாடைக்கட்டியும் இருக்கும். சலாமியை மட்டும் விட்டுவிட்டு, மிளகாய்ச் சாறு ஒரு குப்பி கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாழைக்காய்ப் பொடிமாஸ் செய்கிற வீட்டிலிருந்து வந்தவருக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.